ஒர்க்‌ஷாப்னா காடி (வண்டி) ரிப்பேர் பண்ற இடமா, கிளாஸா? நோட்டீஸ்ல என்ன போடுறதுன்னு சொல்லுங்க

லயத்துவீட்டுப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். பழைய எஸ்டேட்டு லயத்துல பொறந்து வளந்தவ, இப்ப டவுன்ல தாமான் (குடியிருப்பு) வீட்ல இருக்கோம். கோயில் இளைஞர் குழுவுல நோட்டீஸ் எழுதுற வேலை என்னோடது. அதுல போன வருஷம் ஒரு தப்பு நடந்துபோச்சு, இன்னும் மனச விட்டுப் போக மாட்டேங்குது, அதான் இங்க கேக்கறேன்.

எஸ்.பி.எம். (பள்ளி இறுதிப் பரீட்சை) முடிச்ச பிள்ளைங்களுக்கு வேலைக்கு மனு எப்படி எழுதுறது, இண்டர்வியூல எப்படிப் பேசுறதுன்னு ஒரு நாள் நிகழ்ச்சி வச்சோம். மலாய் நோட்டீஸ்ல பெங்கெல்னு (ஒர்க்‌ஷாப்புக்கு மலாய்ச் சொல்லு) போட்டிருந்தாங்க, நான் அதப் பாத்து தமிழ்ல "இலவசப் பட்டறை, அனைவரும் வருக"ன்னு பெருசா எழுதி மளிகைக்கடை, கோயில் சுவரு, உள்ள எஸ்டேட்டுல இருக்கிற ரெண்டு கடைன்னு எல்லா இடத்துலயும் ஒட்டிட்டு வந்தேன். சனிக்கிழமை காலையில ஹாலத் தொறக்கிறப்ப ஒரு தாத்தா வாசல்ல நிக்கிறாரு, எழுபது வயசுக்கு மேல இருக்கும், ஓடாத கப்சாய் மோட்டார் சைக்கிள எஸ்டேட்டுல இருந்து ரெண்டு மைல் தள்ளிக்கிட்டு வந்திருக்காரு, சட்டையெல்லாம் நனைஞ்சு போயிருக்கு. "பட்டறைன்னு போட்டிருந்துச்சே பாப்பா, காசு இல்லன்னும் போட்டிருந்துச்சே"ன்னாரு. எனக்கு நாக்கே எழும்பல. குழுவுல ஒரு தம்பி பிளக்கக் கழட்டித் தொடச்சுப் பாத்தான், ஓடல. கடைசில லாரில ஏத்திக் கொண்டுபோய் வீட்ல விட்டோம். அவரு ஒரு வார்த்தை கோபமாப் பேசல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுச்சு.

எல்லாரும் அவருக்குப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியலன்னு பேசினாங்க. அது சரியில்ல. அவரு தமிழ்ப்பள்ளில படிச்சவரு, இன்னைக்கும் தினம் பேப்பர் வாசிக்கிறவரு, என் எழுத்த ஒழுங்காத்தான் வாசிச்சிருக்காரு. எழுதினவ நான்தான் சரியா எழுதல.

இந்த வருஷம் ரெண்டு நாள் வைக்கிறோம். முதல் நாள் நெசமாவே மோட்டார் ரிப்பேரு, டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்காரரு இடம் குடுக்கிறாரு. ரெண்டாவது நாள் ஹால்ல மனு எழுதுற பயிற்சி. ஆங்கிலத்துல ரெண்டுமே ஒர்க்‌ஷாப், மலாய்ல ரெண்டுமே பெங்கெல். தமிழ்ல நான் என்ன போடுறது?

கூட்டுக்கடைத்தம்பி:
பயிற்சிப் பட்டறைன்னு போடுங்க அக்கா. பேப்பர்ல எல்லாம் அப்படித்தான் போடுறாங்க.

லயத்துவீட்டுப்பிள்ளை:
மோட்டார் நாளுக்கும் அதையே போட்டா ரெண்டும் ஒண்ணாத் தெரியுமே தம்பி. அதுதான் பிரச்சினையே.

பழையபோர்மன்:
பாப்பா, நான் 31 வருஷம் எஸ்டேட்டு ஒர்க்‌ஷாப்ல இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன், பொறுத்துக்கோ.

எங்க எஸ்டேட்டுல ஒர்க்‌ஷாப்னா ஒரே ஒரு இடம்தான், ஆபீஸுக்குப் பின்னால தகரக் கூரை போட்ட நீளக் கொட்டாய். தரையெல்லாம் கருப்பு ஆயில் குடிச்சு கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும். உள்ள ஒரு லேத், ஒரு பெரிய வைஸ், வெல்டிங் செட்டு, ஓரத்துல பழைய பட்டறைக்கல்லு. டிராக்டர் வரும், லாரி வரும், தண்ணி பம்பு வரும், ராத்திரி லயத்துக்கு லைட்டு குடுக்கிற லிஸ்டர் என்ஜின் நின்னுபோனா அதுக்கும் எங்களத்தான் எழுப்புவாங்க. செம்பனை (பாமாயில் மரம்) வந்ததுக்கு அப்புறம் குலை வெட்டுற உளி, நீளக் கம்புல கட்டுற அருவா எல்லாம் வளைஞ்சுபோய் வரும், நிமித்தி வெல்ட் வச்சுக் குடுப்போம். அதுக்கு முன்னால பால்மர (ரப்பர்) காலத்துல, வெட்டுற கத்தி தீட்டிக்கப் பொம்பளைங்க சாயங்காலம் வந்து நிப்பாங்க.

புள்ளைங்களும் அங்கதான் வந்து நிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சைக்கிள் செயினு போட்டுக் குடுன்னு கேக்கும், போட்டுக்குடுத்தா அடுத்த வாட்டி தானே போட்டுக்கும். அப்படி நின்னு பாத்து, ஸ்பானர் எடுத்துக் குடுத்து, கையில கிரீஸ் பட்டுத்தான் நானும் தொழில் படிச்சேன். ஒரு சிஜிலும் (சர்டிபிகேட்டும்) எனக்கு இல்ல. எஸ்.கே.எம்.னு தொழில் திறன் சர்டிபிகேட் எல்லாம் பின்னால வந்தது.

அதனால ஒர்க்‌ஷாப்னா எனக்கு வேலையும் படிப்பும் சேர்ந்த எடம். இப்ப உள்ளவங்க ரெண்ட பிரிச்சு, படிப்ப மட்டும் ஏசி ஹாலுக்குக் கொண்டுபோய் அதுக்கும் இந்தப் பேரையே வச்சிட்டாங்க. போன வருஷம் வந்த அந்த ஐயா பக்கம்தான் நான்.

இன்னொண்ணு சொல்றேன். இங்க நம்மள போர்மன்னு கூப்பிடுறாங்களே, ஆங்கிலத்துல அதுக்கு வேலையாளுங்களுக்குத் தலைவன்னு அர்த்தம். நம்ம ஊர்ல ஸ்பானர் பிடிச்சவன் எல்லாம் போர்மன், மலாய்க்காரரும் சீனரும்கூட அப்படித்தான் சொல்றாங்க. அதுவும் ரெண்டு சொல்லு ஒட்டின சொல்லுதான், கப்பல்ல வந்து இங்க வேற அர்த்தத்துக்கு மாறிக்கிச்சு.

ஓய்வுடீச்சர்:
போர்மன் ஐயா எழுதினத வாசிச்சதும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்திடுச்சு, அவரும் எஸ்டேட்டு டிராக்டர் ஓட்டினவரு.

பாப்பா, பட்டறைங்கிற சொல்லு மேல கோபப்படாத. அது பழைய சொல்லு, நல்ல சொல்லு. முதல்ல அதுக்கு அர்த்தம் கட்டடமே இல்ல, இரும்ப வச்சு அடிக்கிற கல்லுதான். ஐயா சொன்ன பட்டறைக்கல்லு. திருக்குறள்ல 821வது குறள் இருக்கு, கூடா நட்பு அதிகாரம்: "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு." மனசுக்குள்ள ஒட்டாம வெளியில சிரிச்சுப் பழகுறவன் சிநேகம், சமயம் பாத்து அடிக்கிறதுக்கு வச்சிருக்கிற பட்டடை மாதிரின்னு சொல்றாரு. பட்டடைன்னு வள்ளுவர் சொன்ன அந்தக் கல்லத்தான் நாம பட்டறைன்னும் சொல்றோம். அப்புறம் அந்தக் கல்லு இருக்கிற கொல்லன் கொட்டாய்க்கே அந்தப் பேரு வந்திச்சு. அங்க இருந்து தச்சுப்பட்டறை, நகைப்பட்டறை, லேத் பட்டறைன்னு பரவிச்சு. தமிழ்நாட்டுல சின்ன வெங்காயம் போடுற ஊருங்கள்ல வெங்காயத்தக் காத்தாடக் குவிச்சு வைக்கிற அடைப்புக்கும் பட்டறைன்னுதான் பேரு, கடையில காசு போடுற பெட்டிய கல்லாப்பட்டறைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஒரே சொல்லு எத்தன வேலை பாக்குது பாருங்க.

இன்னும் பழசு வேணும்னா புறநானூறு 95. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமான்கிட்ட தூது போனப்ப பாடினது. உன்னோட ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி மாலை போட்டு நெய் பூசி மாளிகையில பத்திரமா இருக்கு, அதியமானோடது பகைவரக் குத்தி முனை ஒடிஞ்சு "கொல்துறைக் குற்றில"ல கெடக்குங்கிறாரு. கொல்துறைன்னா கொல்லன் வேலை செய்யிற இடம், குற்றில்னா சின்ன வீடு. கொல்லனோட சின்னக் கொட்டாய். எங்க வேலை நடக்குதோ அங்கதான் பொருள் ஒடிஞ்சும் கெடக்கும், மாளிகையில இருக்கிறது பளபளன்னு இருக்கும். நான் பள்ளியில இத சொல்லிக்குடுத்தப்ப எஸ்டேட்டுப் பிள்ளைங்க டக்குனு பிடிச்சுக்குவாங்க, அவங்க ஒர்க்‌ஷாப்பப் பாத்தவங்க.

கூட்டுக்கடைத்தம்பி:
டீச்சர், இந்தப் புறநானூறு விளக்கம் எனக்கு யாரும் இப்படிச் சொல்லிக்குடுக்கல. நன்றி.

அகராதிப்பிரியன்:
ஆங்கிலப் பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு இது.

ஒர்க், ஷாப், ரெண்டும் சேர்ந்த சொல்லு, 1500கள்லயே ஆங்கிலத்துல இருக்கு. இதுல ஷாப்ங்கிறத நாம கடைன்னு எடுத்துக்கிறோம், ஆனா அந்தச் சொல்லு பழைய ஆங்கிலத்துல ஒரு சாய்ப்பு, ஒரு கொட்டகை, அவ்வளவுதான். அதுக்குக் கீழ ஒருத்தன் செருப்பு தைப்பான், பீப்பாய் செய்வான், செஞ்சத அங்கயே விப்பான். விக்கிறது தனியாப் பிரிஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் கடையாச்சு, செய்யிற பக்கம் ஒர்க்‌ஷாப்பா நின்னிச்சு. அதனாலதான் இன்னைக்கும் தொழிற்சாலையில வேலை நடக்கிற தளத்த ஷாப் புளோர்னு சொல்றாங்க, அங்க எதுவும் விக்கிறதில்ல.

அப்படிப் பாத்தா ஒர்க்‌ஷாப்புக்கு நேர்ச்சொல்லு வேலைக்கொட்டாய். நம்ம எஸ்டேட்டுத் தமிழ்ல பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயக்கொட்டாய் இருக்கு, ரப்பர் பால் கொண்டுவந்து குடுக்கிற பால்கொட்டாய் இருக்கு, அதே வார்ப்புத்தான். போர்மன் ஐயா தன்னோட ஒர்க்‌ஷாப்ப நீளக் கொட்டாய்ன்னு சொன்னத ரெண்டு தடவ வாசிச்சேன்.

மலாய் பெங்கெலும் சுவாரசியமானது. அது டச்சுக்காரன் சொல்லு, வின்கெல், அவன் மொழியில கடைன்னு அர்த்தம். இங்க வந்து வேலை செய்யிற இடமா மாறிடுச்சு. அப்ப கடைக்கு மலாய்க்காரங்க என்ன சொல்றாங்க? கெடாய். அது நம்ம கடை, தமிழ்ல இருந்து போனது. கடைக்கு நம்ம சொல்ல வச்சுக்கிட்டு டச்சுக்காரன் கடைய ஒர்க்‌ஷாப்பாக்கிட்டாங்க. துறைமுகத்துல யார் யார் வந்து எறங்கினாங்கங்கிறது இந்த ரெண்டு சொல்லுலயே இருக்கு.

இங்கிலாந்த 19ம் நூற்றாண்டுல உலகத்தோட ஒர்க்‌ஷாப்னு சொல்வாங்க. ஒரு நாட்டுக்கே அந்தப் பேரு. அவங்க நாட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வெளியில இருந்து பருத்தி போச்சு, ஈயம் போச்சு, அப்புறம் நம்ம தாத்தா பாட்டி வெட்டின பாலு ஷீட்டா போச்சு. போனது டயரா பெல்ட்டா திரும்பி வந்து நம்ம எஸ்டேட்டு ஒர்க்‌ஷாப்புலயே மாட்டிச்சு.

மெர்டேக்காதலைமுறை:
எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். சொல்லு மாறத்தான் செய்யும். பயிற்சிப் பட்டறைன்னு சொல்ல ஆரம்பிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, பள்ளிக்கூடத்துல எழுத்துப் பட்டறை, கவிதைப் பட்டறை எல்லாம் நடக்குது, பிள்ளைங்களுக்குப் புரியுது. ஒருத்தர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு ஊருக்கே சொல்ல மாத்த முடியுமா?

லயத்துவீட்டுப்பிள்ளை:
அண்ணே, ஊருக்குச் சொல்ல மாத்தச் சொல்லலியே, என் நோட்டீஸ மட்டும்தான் சொல்றேன். நோட்டீஸ் ஒட்டுறது யாருக்குத் தெரியாதோ அவங்களுக்கு. ஏற்கெனவே தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு வாட்ஸ்அப்ல போயிடுது. சுவத்துல ஒட்டுறது அந்தத் தாத்தா மாதிரி ஆளுங்க கண்ணுலதான் படுது. அவரு வாழ்ந்த இடத்துல பட்டறைக்கு ஒரே அர்த்தம்தான் இருந்துச்சு.

மெர்டேக்காதலைமுறை:
அது நியாயம். சுவர் நோட்டீஸுங்கிறத நான் யோசிக்கல.

செந்தூல்பேரன்:
ஒர்க்‌ஷாப்னு பாத்ததும் உள்ள வந்தேன். எங்க குடும்பத்துல அந்தச் சொல்லுக்கு மூணாவது அர்த்தம் உண்டு, அது ஊரோட பேரு மாதிரி. எங்க தாத்தா "ஒர்க்‌ஷாப்புக்குப் போறேன்"னா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்தான், வெள்ளைக்காரன் ஆட்சியில எஃப்.எம்.எஸ். ரயில்வே காலத்துல கட்டினது, நாட்டுல ஓடின என்ஜினு பெட்டி எல்லாம் ரிப்பேருக்கு அங்கதான் வரும். அதச் சுத்தித்தான் செந்தூல்ல தமிழ்க் குடும்பங்க குடியேறினாங்க, கோயிலு வந்துச்சு, பள்ளி வந்துச்சு. 1945ல ஜப்பான்காரன் கையில இருந்தப்ப அமெரிக்கா பி 29 விமானத்துல வந்து அந்த ஒர்க்‌ஷாப்பு மேல குண்டு போட்டுச்சு. ஒரு ஊர முடக்கணும்னா அரண்மனையில போடல பாருங்க, ஒர்க்‌ஷாப்புலதான் போட்டாங்க. டீச்சர் சொன்ன குற்றில் எனக்கு அங்கதான் போய் நின்னுச்சு. தாத்தா அந்த நாளப் பத்தி ரொம்பப் பேச மாட்டாரு, காது கொஞ்சம் கேக்காது அவருக்கு.

இப்ப பெரிய ரிப்பேர் வேலையெல்லாம் பத்து காஜா பக்கம் போயிடுச்சு, உங்க சிப்புட்டுல இருந்து தூரமில்ல. செந்தூல்ல இருந்த பழைய ரயில்வே கட்டடம் ஒண்ண 2005ல நாடக அரங்கமா மாத்தினாங்க. அங்க இப்ப சனி ஞாயிறுல பிள்ளைங்களுக்கு நடிப்பு ஒர்க்‌ஷாப் நடக்குது, என் மக போறா. தாத்தா போன அதே பக்கம், அதே சொல்ல சொல்லிட்டு. "அப்பா என்னை ஒர்க்‌ஷாப்ல விடுங்க"ன்னு அவ கேக்கிறப்ப எனக்கு நெஞ்சு என்னமோ பண்ணும்.

அகராதிப்பிரியன்:
செந்தூல்பேரன், உங்க மக கதைக்கு நேரா ஒரு பழைய தொடர்பு இருக்கு, சொல்லாம இருக்க முடியல. ஒர்க்‌ஷாப் கொட்டாயில இருந்து ஹாலுக்கு வந்ததே நாடகம் வழியாத்தான்னு சொல்லலாம். அமெரிக்காவுல ஹார்வர்ட்ல ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர்னு ஒரு பேராசிரியர், நாடகம் எழுதக் கத்துக்குடுத்தாரு. பாடத்தோட எண்ணு 47. எழுதினா மட்டும் போதாது, மேடையில போட்டுப் பாத்து, எங்க ஓட்டை இருக்குன்னு கண்ணால பாத்துத் திருத்தணும்னு தனியா ஒரு குழு வச்சாரு, அதுக்குப் பேரு 47 ஒர்க்‌ஷாப். 1910கள்ல. யூஜின் ஓ நீல் அவர்கிட்ட படிச்சவரு, 1936ல நோபல் வாங்கினாரு.

அதே 1936ல ரெண்டு விஷயம் நடந்திச்சு. அயோவாவுல எழுத்தாளர் ஒர்க்‌ஷாப் ஆரம்பிச்சாங்க. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல வாத்தியாருங்களுக்குக் கோடை லீவுல ஒண்ணு வச்சாங்க, அங்க வந்த டீச்சர்ங்க தன் வகுப்புல இருக்கிற நெசப் பிரச்சினைய கையோட கொண்டு வந்து, உக்காந்து அதுக்கு வேலை செய்யணும், லெக்சர் கேட்டுட்டுப் போறதுக்கு இல்ல. வாத்தியாருங்க பயிற்சிக்கு ஒர்க்‌ஷாப்னு பேரு அங்க இருந்துதான் பரவிச்சு.

அதனால போர்மன் ஐயா, நீங்க சொன்ன அந்தப் பிரிவு முதல்ல இல்ல. அந்தப் பேர ஹாலுக்குக் கொண்டு போனவங்களும் உங்க கொட்டாயில நடக்கிறதத்தான் நெனச்சு வச்சாங்க. உடைஞ்சத கொண்டு வா, இங்க கழட்டு, கூட இருக்கிறவன் பாக்கட்டும், சரி பண்ணி எடுத்துட்டுப் போ.

பழையபோர்மன்:
இத யாரும் எனக்குச் சொன்னதில்ல தம்பி. அப்ப பேரு மேல கோபம் இல்ல, பேர வச்சுக்கிட்டு செய்யாததுமேலதான். ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னால என்னையும் ரெண்டு மூணு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாங்க, எங்கன்னு சொல்ல வேண்டாம். காலையில பேரு எழுதி, நாசி லெமாக் சாப்பிட்டு, நாள் முழுக்க ஸ்லைடு பாத்து, சாயங்காலம் சிஜில் வாங்கிட்டு வந்தோம். பம்பு பத்தின கோர்ஸு அது, ஒரு பம்பக்கூட மேசையில வைக்கல. நாப்பது பேரு உக்காந்திருந்தோம், எல்லாரும் கையில தழும்பு உள்ளவங்க, ஒருத்தரக்கூட அவன் ஒன்னும் கேக்கல. எஸ்டேட்டுல மில்லு நின்னுபோனா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும், வெட்டின குலைய 24 மணி நேரத்துக்குள்ள வேகவைக்கலன்னா எண்ணெயில அமிலம் ஏறிடும், லாரி வரிசையா நிக்கும், எல்லாரும் நம்ம கையத்தான் பாப்பாங்க. அப்படி வேலை பாத்தவனக் கூட்டி வச்சு நாள் முழுக்க சும்மா உக்கார வைக்கிறது அவமானமா இருந்துச்சு எனக்கு.

பாப்பா, உன் ரெண்டாவது நாள்ல பிள்ளைங்க கையில பேனா இருக்கட்டும். மனு அங்கயே எழுதட்டும், அங்கயே கிழிச்சுப் போட்டுத் திரும்ப எழுதட்டும். அப்படி நடந்தா அதுக்கு ஒர்க்‌ஷாப்புன்னு பேரு வைக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

திருச்சியில்படிச்சவ:
நான் திருச்சியில படிச்சேன், அங்க பொன்மலைன்னா ரயில்வே ஒர்க்‌ஷாப், 1928ல நாகப்பட்டினத்துல இருந்து அங்க மாத்தினது. ஊர்க்காரங்க பட்டறைன்னும் சொல்வாங்க, ஒர்க்‌ஷாப்னும் சொல்வாங்க. ஆனா எனக்குக் குழப்பமா இருந்தது வேற சொல்லு, பணிமனை. ஒர்க்‌ஷாப்ப அப்படியே தமிழாக்கினா பணிமனைதானே வரும், பணி, மனை. அங்க பஸ்ஸு நிறுத்தி ரிப்பேர் பண்ற டிப்போவுக்குப் பணிமனைன்னு போர்டு போட்டிருக்கும். தேர்தல் வந்தா கட்சிக்காரங்க கொட்டகை போட்டு "தேர்தல் பணிமனை"ம்பாங்க, அங்க ரிப்பேரு ஒண்ணும் இல்ல, மைக்கும் நாற்காலியும்தான். எங்க ஹாஸ்டல்ல யாழ்ப்பாணத்துப் பொண்ணு ஒருத்தி இருந்தா, அவளுக்கு பணிமனைன்னா ஆபீஸ், வலயக் கல்விப் பணிமனைன்னு அரசாங்க ஆபீஸுக்கே அதுதான் பேரு. காடி ரிப்பேர் பண்ற இடம் அவளுக்குக் கராஜ். பயிற்சி நடக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு அவ ஊர்ல செயலமர்வுன்னு தனிச்சொல்லு. செயல், அமர்வு. உக்காந்து செய்யிறது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அவங்களுக்கு இந்தப் பட்டறைக் குழப்பமே கிடையாது.

தமிழ்நாட்டுல பயிலரங்குன்னும் எழுதுறாங்க. ஆனா சென்னையில 1977ல ந. முத்துசாமி நாடகக் குழு ஆரம்பிச்சப்ப கூத்துப்பட்டறைன்னுதான் பேரு வச்சாரு. அந்தப் பேரக் கேட்டா கல்லும் சம்மட்டியும் கண்ணுக்குத் தெரியும், ஒடம்ப வச்சு அடிச்சு அடிச்சுப் பழகுறதுன்னு. பயிலரங்குன்னு வச்சிருந்தா அந்தச் சூடு வந்திருக்காது.

லயத்துவீட்டுப்பிள்ளை:
செயலமர்வு அழகா இருக்கு அக்கா. ஆனா எங்க ஊருச் சுவத்துல அத ஒட்டினா யாரும் வரமாட்டாங்க, அது எனக்கு நிச்சயமாத் தெரியும்.

ராத்திரிகேமர்:
எனக்கு ஒர்க்‌ஷாப்னா முதல்ல கம்ப்யூட்டர் கேமுதான் வரும். ஸ்டீம்னு கேம் விக்கிற தளத்துல ஒர்க்‌ஷாப்னு ஒரு பகுதி இருக்கு, 2011ல வந்தது. விளையாடுறவங்களே புதுக் காடி, புது மேப்பு, புது உடுப்பு செஞ்சு அங்க வைப்பாங்க, மத்தவங்க எடுத்துப்பாங்க. கட்டடமும் இல்ல, நாளும் இல்ல, நோட்டீஸும் இல்ல. நான் பஸ் ஓட்டுற கேம் ஒண்ணுல நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரு மேப்பு செஞ்சிட்டிருக்கேன், ஆறு மாசமா. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தர் எங்கயோ இருந்து "உன் வளைவு சரியில்ல, சக்கரம் ஏறும்"னு எழுதி, எப்படித் திருத்தணும்னும் சொல்லிக்குடுத்தாரு. போர்மன் அங்கிள் சொன்ன மாதிரிதான் அங்கயும், நின்னு பாத்துக் கத்துக்கிறது.

பழையபோர்மன்:
அந்த மேப்ப எனக்குக் காட்டு தம்பி. நம்ம பழைய பஸ் ஸ்டாண்டு வளைவு எனக்குத் தெரியும்.

சுங்கைப்பட்டாணிஅம்மா:
இங்க யாரும் சொல்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பு இருக்கு, நான் சொல்றேன். என் பையன் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி), மெதுவாத்தான் கத்துக்குவான். அவனுக்கு 18 ஆனப்ப இனிமே வீட்லதான்னு எல்லாரும் சொன்னாங்க. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சமூகநலத் துறை நடத்துற இடம் இருக்கு, பெங்கெல் டாயா, எங்க சுங்கைப்பட்டாணியில ஒண்ணு, கிள்ளான்ல ஒண்ணு. டாயான்னா மலாய்ல ஆற்றல், சக்தி. ஆங்கிலத்துல இந்த மாதிரி இடத்த பாதுகாப்பான ஒர்க்‌ஷாப்னு அர்த்தம் வர்ற மாதிரி சொல்வாங்க. அங்க போனா பயிற்சி மட்டும் இல்ல, வேலையும் உண்டு, அலவன்ஸும் உண்டு.

முதல் நாள் அவன அழைச்சுட்டுப் போறப்ப எங்க மாமியார் "எங்க போறீங்க"ன்னு கேட்டாங்க, "பட்டறைக்கு வேலைக்குப் போறான்"னு சொன்னேன். வேற சொல்லு எனக்கு வரல. மாமியார் எழுந்து போய் திருநீறு எடுத்து வந்து பூசி விட்டாங்க. அவங்க கேட்டது வேலைங்கிற சொல்லத்தான். ஸ்கூலு, சென்டரு, கிளாஸுன்னு எத்தனையோ இடத்துக்கு அதுக்கு முன்னால அவன் போயிருக்கான், திருநீறு அன்னைக்குத்தான். அவனும் இப்ப யார் கேட்டாலும் "நான் வேலைக்குப் போறேன்"னுதான் சொல்வான்.

அதனால பாப்பா, நீ என்ன பேரு வச்சாலும் அதுல வேலைங்கிற சொல்லு இருக்கட்டும்.

ஓய்வுடீச்சர்:
அம்மா, வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். பையனுக்கு என் அன்பச் சொல்லுங்க.

மெர்டேக்காதலைமுறை:
நானும் ஒண்ணு சேத்துக்கிறேன். நாங்க இடைநிலைப்பள்ளியில கெமாஹிரான் ஹிடூப் (வாழ்க்கைத் திறன் பாடம்) படிச்சப்ப பள்ளிக்குள்ளயே பெங்கெல் இருந்துச்சு, மரம் அறுத்து அலமாரி செஞ்சோம், பிளக்குல வயரு மாட்டினோம், தையல் படிச்சோம். 2017ல இருந்து அந்தப் பாடத்துக்குப் பதிலா ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) வந்திடுச்சு. பெங்கெல்னு முதல்ல எனக்குத் தெரிஞ்சது அந்த மரத்தூள் வாசம்தான். பரீட்சைக்கு முன்னால அதே பள்ளியில பதில் எழுதுற பெங்கெலும் நடக்கும், ஹால்ல. ரெண்டுக்கும் போயிருக்கேன். வீட்ல இன்னும் இருக்கிறது அந்த அலமாரிதான், எங்கம்மா அதுலதான் மசாலா டப்பா வச்சிருக்காங்க. மேல நான் பேசினத வாபஸ் வாங்கிக்கிறேன்.

லயத்துவீட்டுப்பிள்ளை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா வாசிச்சுட்டே இருந்தேன், குழுவுலயும் பேசிட்டோம். பட்டறைங்கிற சொல்ல முதல் நாளுக்கு மட்டும் வச்சுக்கிறேன், அது அதுக்குத்தான் சொந்தம். போன வருஷம் வந்த தாத்தா வீட்டுக்கும் நேத்து போனேன், வீட்ல எல்லாருக்கும் வணக்கம் சொல்லி விஷயத்தச் சொன்னேன். மோட்டார் இன்னும் வீட்டுப் பக்கத்துல சாக்கு போட்டு மூடித்தான் இருக்கு. முதல் நாள் பிள்ளைங்க கழட்டிப் பழகுறதுக்கு அந்த மோட்டாரையே வச்சுக்கலாமான்னு கேட்டேன், சரின்னாரு. ஆனா தானும் பக்கத்துல நிப்பேன்னாரு, கார்புரேட்டர் திருகுற கணக்கு எந்தப் பயலுக்கும் தெரியாதாம். லாரி அனுப்புறோம், இந்தத் தடவ அவரு தள்ள வேண்டாம். போர்மன் அங்கிள், நீங்களும் கண்டிப்பா வரணும்.

நோட்டீஸ் இப்படி எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

"சனிக்கிழமை: மோட்டார் பட்டறை வேலை. மோட்டார் பழுது பார்க்கக் கற்றுத் தருகிறோம். பழுதான மோட்டார் இருந்தால் கொண்டு வரலாம், சேர்ந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை: கோயில் மண்டபத்தில் வேலை மனு எழுதும் பயிற்சி. பேனாவும் உங்கள் சான்றிதழ்களும் கொண்டு வரவும், மனுவை அங்கேயே எழுதி முடித்து எடுத்துப் போகலாம். இரண்டும் இலவசம். அனைவரும் வருக."

ஓய்வுடீச்சர்:
பிழை இல்ல பாப்பா. படிச்ச உடனே என்ன நடக்கும்னு தெரியுது.

பழையபோர்மன்:
வர்றேன். என் ஸ்பானர் பெட்டியும் வரும். பிள்ளைங்கள பழைய சட்டை போட்டுட்டு வரச் சொல்லு.

கூட்டுக்கடைத்தம்பி:
அக்கா, எத்தன மணிக்குன்னு போடலியே.

லயத்துவீட்டுப்பிள்ளை:
ஆமா தம்பி! காலை 8.30. ரெண்டு நாளும். பழைய சட்டையையும் சேத்து எழுதிட்டு, இன்னைக்கு சாயங்காலம் ஒட்டப் போறேன், ஏணி பிடிக்க வர்றியா?